பளபளப்புக்கு உள்ளே ஒரு பலகை

கேப்பார், தெலுக் கோங், பந்திங் பக்கம் கம்பத்துச் சாலைகளில் போய்வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டோரத்தில், மாமரத்தடியில், தார்ப்பாய் போர்த்தியும் போர்த்தாமலும் ஃபைபர்கிளாஸ் படகுகள் கிடக்கும். உள்ளே மழைநீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கும். ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் தூண்டிலோடு கடலுக்குப் போனவைதான். சொந்தக்காரருக்கு வயதாகியிருக்கும், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ குடியேறியிருப்பார்கள். "கையில இருக்கிறதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லக்கூடிய நிலையில் இப்படிப் பல படகுகள் இருக்கின்றன.

அப்படிக் கிடந்த 16 அடிப் படகு ஒன்றை, 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 3,500 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். நானும் மாமாவும் எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து அதைச் சரிசெய்தோம். மாமா என்றால் என் மனைவியின் தந்தை. துறைமுகத்தில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். நானோ அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். படகு தண்ணீரில் இறங்கிய பிறகு, "நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்காத நண்பரில்லை. வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஃபைபர்கிளாஸ் உளுக்காது என்பார்கள். உண்மைதான், கண்ணாடி இழையும் ரெசினும் உளுக்காது. ஆனால் பழைய படகுகளில் பெரும்பாலானவை முழுக்க முழுக்க ஃபைபர்கிளாஸ் இல்லை. அடித்தளத்துக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் விட்டங்கள், நாம் நிற்கும் தளம், எல்லாவற்றுக்கும் மேலாக இஞ்சினைத் தாங்கும் பின்பலகை ஆகிய மூன்றும் உள்ளே மரம். வெளியே ஃபைபர்கிளாஸ் தோல். பின்பலகையைப் படகுக்காரர்கள் டிரான்சம் என்பார்கள். சுமார் ஒன்றரை அங்குலக் கனமுள்ள பிளைவுட்டை இரண்டு தோல்களுக்கு நடுவே வைத்து மூடியிருப்பார்கள். 40 குதிரைத்திறன் இஞ்சின் ஏறக்குறைய 70 கிலோ. அந்த எடை முழுவதும் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது. படகை முன்னே தள்ளும் விசையும் அதன் வழியாகத்தான் போகிறது. அலையில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு குலுக்கலும் அதற்குத்தான் அடி.

நடுக்கடலில் அது விட்டுக்கொடுத்தால் இஞ்சின் மட்டும் போகாது. படகின் பின்பக்கமே திறந்துவிடும்.

திரங்கானு டூயோங் தீவில் செங்கால் மரத்தில் படகு கட்டும் ஆசாரிகளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வரைபடம் இல்லாமல், பலகையோடு பலகையை மர ஆணிகளால் பிணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து நீர் புகாமல் அடைத்துக் கட்டும் பரம்பரை வேலை அது. மரப்படகில் பலகை கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பலகையை மட்டும் மாற்றுவார்கள். ஃபைபர்கிளாஸ் படகில் மரம் இருப்பதே தெரியாது. வெளியே வெள்ளை வெளேர் என்று பளபளக்கும். உள்ளே பலகை காப்பித்தூளாகியிருக்கும். பழைய படகு வாங்குகிறவர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

தட்டு, ஆட்டு, துளை, எடை போடு

கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சிறிய சுத்தியலின் பிடியால் டிரான்சத்தையும் தளத்தையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். உளுத்த இடத்தில் ஈரச்சாக்கைத் தட்டுவது போல "தொப்" என்று அடங்கும். அடுத்து, இஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்கால் பகுதியை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கலாம். ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பில் கண்ணை வைத்திருக்க வேண்டும். பலகை இஞ்சினோடு சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால், விற்பவர் சம்மதத்தோடு, உள்பக்கத்திலிருந்து, தளத்துக்குச் சற்று மேலே 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடலாம். வெளித்தோல்வரை போய்விடக் கூடாது. துரப்பணத்தில் வரும் தூள் வெளிர்நிறமாகவும் உலர்ந்தும் இருந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும். நாங்கள் துளைத்தபோது தூளே வரவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்தது. விற்றவர் முதியவர். "எனக்கே தெரியாதே தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 5,000 ரிங்கிட்டில் தொடங்கிய பேச்சு 3,500-இல் முடிந்தது அந்தத் துளையால்தான்.

எடை போடும் யோசனை மாமாவுடையது. செம்பனைப் பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில், இஞ்சினைக் கழற்றிவிட்டு, படகையும் டிரெய்லரையும் சேர்த்து நிறுத்தோம். 640 கிலோ. அந்த அளவுப் படகுக்கும் டிரெய்லருக்கும் 500 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி என்ன? தளத்துக்குக் கீழே மிதப்புக்காக ஊற்றியிருந்த பாலியூரிதேன் நுரை பல ஆண்டு தண்ணீரில் ஊறி பஞ்சாகியிருந்தது. மூழ்காமல் காப்பாற்ற வைத்த பொருளே படகைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டத்தில் பலர் சொல்லும் ஒரு வழி உண்டு. டிரான்சத்தின் இரு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கி, மேலே சாயம் பூசிவிடுவது. ஒரு வாரத்தில் படகு தண்ணீரில் இருக்கும். செலவு சில நூறு ரிங்கிட். பார்க்கவும் அழகாக இருக்கும். நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். மாமா அவரிடம், "பெயிண்ட் அடிக்கணும்னா பெயிண்டரைக் கூப்பிடுங்க தம்பி. என்னைக் கூப்பிட்டா நான் பிரிச்சுத்தான் பார்ப்பேன்" என்றார். என் மனைவி இன்னும் சுருக்கமாக முடித்தாள்: "அந்தப் பலகையை என் கண்ணால பார்க்காம பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்."

தகடு வைப்பது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றில் துடுப்பு வேகத்தில் போகும் சின்னப் படகுக்கு அது கொஞ்ச காலம் தாங்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடல்முகத்துக்குப் போகும் படகுக்கு அது போதாது. உளுத்த மரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்கிக்கொண்டே போகும். போல்ட் தளர்ந்துகொண்டே வரும்.

நான்கு திருகாணிகள்

கிரைண்டரால் டிரான்சத்தின் உள்தோலை, ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, அறுத்து எடுத்தோம். வெளித்தோலைத் தொடவில்லை, படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. உள்ளே இருந்த பிளைவுட்டைப் பாதிக்கு மேல் கையாலேயே அள்ளினோம். உளி தேவைப்பட்டது மேல் ஓரத்தில் மட்டும்தான்.

மாமா அள்ளிய மரத்தைக் குப்பையில் போட விடவில்லை. பெரிய துண்டுகளைத் தரையில் பழையபடி அடுக்கிப் பார்த்தார். கறுப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்த்துக்கொண்டே போனால் நீர் நுழைந்த வழி தெரியும் என்பது அவர் கணக்கு. தெரிந்தது. வலது கீழ்மூலையில், மீன் காட்டும் கருவிக்கான சிறு தகடு ஒன்றை யாரோ எப்போதோ மாட்டியிருந்தார்கள். அதற்கு நான்கு திருகாணிகள். தோலைத் துளைத்து மரத்துக்குள் நேரே இறக்கிவிட்டார்கள். துளையில் அடைப்பு எதுவும் பூசவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே நான்கு துளைகள். ஒவ்வொரு முறை படகு இறங்கும்போதும் ஒரு சொட்டு. அந்த மூலையிலிருந்துதான் கறுப்பு விசிறிபோலப் பரவியிருந்தது. ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நான்கு திருகாணிகளுக்காக நாங்கள் அடுத்த மூன்று மாதம் உழைத்தோம்.

அதனால்தான் புதிய டிரான்சத்தில் துளை போடும் முறையை மாமா ஒரு சட்டமாகவே வைத்திருந்தார். போல்ட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிதாக முதலில் துளைக்க வேண்டும். அதை இபாக்ஸி கலவையால் முழுக்க நிரப்ப வேண்டும். அது இறுகிய பிறகு, நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது போல்ட் தொடுவது இபாக்ஸியை மட்டும்தான். மரம் வெளியுலகைப் பார்ப்பதே இல்லை. இஞ்சின் போல்ட் முதல் கயிறு கட்டும் கொக்கி வரை எல்லாவற்றுக்கும் இதேதான். ஒரு துளைக்கு இரண்டு நாள். எரிச்சலூட்டும் வேலை என்பதை மறைக்க மாட்டேன்.

பலகைக்கு அட்டைப்பெட்டியில் மாதிரி வெட்டி, 18 மில்லிமீட்டர் மரின் பிளைவுட் இரண்டைக் கெட்டியான இபாக்ஸியால் ஒட்டினோம். மரின் பிளைவுட் என்று கேட்டு வாங்குவதில் கவனம் தேவை. கட்டுமான வேலைக்கான சாதாரண பிளைவுட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; உள்ளடுக்குகளில் இடைவெளி இருக்கும், அங்கே நீர் தங்கும். வெட்டுமுனைகளில்தான் மரம் தண்ணீர் குடிக்கும் என்பதால் அவற்றுக்கு மூன்று பூச்சு. பிறகு பழைய வெளித்தோலின் உள்பக்கத்தோடு சேர்த்து ஒட்டி, இறுக்கிகள் பூட்டி, இரண்டு நாள் தொடவே இல்லை.

நம் வெயிலும் ரெசினும்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ரெசின் வேலையில் இறங்குகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அவர்கள் ஊர் வெப்பநிலை வேறு, நம்முடையது வேறு.

இரண்டு வகை ரெசின் உண்டு. பாலியெஸ்டர் மலிவு, படகுகள் பெரும்பாலும் அதில்தான் செய்யப்படுகின்றன. எம்.இ.கே.பி. என்ற திரவத்தை ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் கலந்தால் இறுகும். இபாக்ஸி பல மடங்கு விலை. ஆனால் மரத்தையும் பழைய ஃபைபர்கிளாஸையும் பிடிக்கும் பிடி அதற்குத்தான் உண்டு. பழைய பாலியெஸ்டர் மேல் இபாக்ஸி நன்றாக ஒட்டும். இறுகிய இபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே எதை எங்கே, எந்த வரிசையில் பூசுவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். டிரான்சமும் விட்டங்களும் முழுக்க இபாக்ஸியில். அவற்றைத் தொடாத சில்லறை ஒட்டுகள் பாலியெஸ்டரில் என்று பிரித்துக்கொண்டோம். கண்ணாடி இழைத் துணியிலும் வேறுபாடு உண்டு. துண்டு இழைகளைப் பசையால் பிணைத்த மேட் பாலியெஸ்டருக்கு உரியது. அதிலுள்ள ஸ்டைரீன்தான் அந்தப் பசையைக் கரைக்கும். இபாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் வேண்டும்.

பிற்பகல் 33 டிகிரியில் ஒரு வாளி ரெசினைக் கலந்து வைத்துவிட்டு உருளையைத் தேடினால், திரும்பி வரும்போது வாளியில் புகை கிளம்பும். மொத்தமாக இருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகும். காலை ஏழரைக்குத் தொடங்கி பத்துக்குள் முடிப்பது, ஒரு முறைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்காமல் இருப்பது, அகலமான தட்டையான பாத்திரத்தில் கலப்பது என்று பழகிக்கொண்டோம். இபாக்ஸியில் சூட்டுக்காக ஹார்ட்னரைக் குறைக்கக் கூடாது. சொன்ன விகிதம் மாறினால் அது என்றைக்கும் சரியாக இறுகாது. அக்டோபர், நவம்பர் மாத மாலை மழையில் காற்றின் ஈரம் இபாக்ஸியின் மேல் மெழுகுபோல ஒரு படலத்தை உண்டாக்கும். அடுத்த அடுக்குக்கு முன் அதை வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவிவிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு சொல். எம்.இ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்; கண்ணாடி இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். கோபால்ட் முடுக்கியோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கடையில் விற்கும் ரெசினில் முடுக்கி முன்பே கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அறுக்கும் தூளுக்கு மருத்துவ முகக்கவசம் போதாது, வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். உடம்பு அரிப்புக்கு மாமா சொன்ன வைத்தியம் குளிர்ந்த நீரில் குளிப்பது. சுடுநீரில் குளித்த அன்று இரவு நான் தூங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இஞ்சின் பயமுறுத்தியதைவிட எளிது

எல்லாரும் இஞ்சினைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அது மாமாவுக்கு இரண்டு ஞாயிறு வேலை. முதலில் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் அவர் பார்த்தது. இருந்தது. கீழ்க்காலின் கியர் எண்ணெயை வடித்தபோது அது பாலாடைபோல வெளுத்திருந்தது. நீர் புகுந்திருக்கிறது என்று பொருள், சீல்களை மாற்றினோம். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கோந்தாகிக் காய்ந்திருந்தது; கழற்றிக் கழுவினோம். எரிபொருள் குழாயும் கைப்பம்ப் குமிழும் புதியவை.

முக்கியமானது நீர்ப்பம்பில் இருக்கும் ரப்பர்ச் சக்கரம். கடல்நீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விப்பது அதுதான். கிள்ளான் கடல்முகத் தண்ணீர் சேறும் மணலும் கலந்தது. அதன் இதழ்கள் விரைவில் தேயும். விலை பெரிதில்லை. அது நின்றால் சில நிமிடங்களில் இஞ்சின் போய்விடும். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இஞ்சினை இறக்கி ஓடவிட்டு, பின்புறம் பீச்சும் நீர்த்தாரையைப் பார்த்த பிறகுதான் மாமா அன்றைக்குத் தேநீர் குடித்தார். எண்ணெய்க் கலவை 50 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர், டி.சி.-டபிள்யூ.3 என்று புட்டியில் எழுதியிருக்கும் படகு எண்ணெய், மோட்டார் சைக்கிள் எண்ணெய் அல்ல.

மின்கம்பிகளைச் சோதிக்கவே இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தோம். உப்புக்காற்றில் சாதாரணச் செம்புக்கம்பி உறைக்குள்ளேயே கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய கம்பி சற்று விலை கூட.

கணக்கு

தொழில் பழக்கத்தால் ஒவ்வொரு ரசீதையும் வைத்திருந்தேன். பிளைவுட், இபாக்ஸி, பாலியெஸ்டர், துணி, சாயம் எல்லாம் சேர்ந்து 3,200 ரிங்கிட். இஞ்சின் பாகங்கள் 750. எரிபொருள் தொட்டி, பேட்டரி, கம்பி, விளக்கு 800. டிரெய்லரின் பேரிங்கும் டயர்களும் 450. உயிர்காப்பு அங்கிகளும் மற்றவையும் 500. கிரைண்டர் தட்டு, கவசம், உருளை, கையுறை என்று தேய்ந்து போனவை 400. படகு விலையோடு சேர்த்து 9,600. இதே அளவில், நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட படகுக்கு அப்போது என்னிடம் கேட்ட விலை 12,500. மிச்சம் 2,900. அதை 32 ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இரண்டு ஆளுக்கும் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 ரிங்கிட் சம்பளம். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். ஆனால் அந்த 12,500 ரிங்கிட் படகின் டிரான்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் படகில் எந்தத் துளை எத்தனை அங்குல ஆழம் என்பதுகூடத் தெரியும்.

எடைமேடையில் மறுபடி நிறுத்தோம். 490 கிலோ. இரண்டு பெரியவர்கள் இறங்கிப் போனதுபோல. ஊறிய நுரைக்குப் பதிலாக, வெட்டி அடுக்கக்கூடிய மூடிய கண்ணறை நுரைப்பலகைகளை வைத்து, தண்ணீர் பின்னால் வடிந்தோட வழியும் விட்டிருக்கிறோம்.

படகு ஓடினால் மட்டும் போதாது. உல்லாசப் படகுக்கும் ஜபாத்தான் லாவுட் எனப்படும் கடல்துறை இலாகாவின் உரிமம் வேண்டும். பழைய சொந்தக்காரரிடம் பத்திரம் இருக்கிறதா, பெயர் மாற்றித் தருவாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரமில்லாத படகு எவ்வளவு மலிவானாலும் நான் தொட மாட்டேன்.

முதல் ஓட்டம் லங்காட் ஆற்றில், பிள்ளைகள் இல்லாமல், மணல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு. மூன்றாவது ஓட்டத்தில்தான் என் மனைவியும் பிள்ளைகளும் ஏறினார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்தப் பகுதியில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். காலையில் மிதந்த இடத்தில் மாலையில் சேற்றில் உட்கார்ந்திருக்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பாயும் புயல்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மலாக்கா நீரிணையைக் கடக்கும். மேற்கே கறுப்புக் கோடு தெரிந்தால், மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும், கரைக்குத் திரும்புகிறோம்.

திரும்பியதும் டிரம்மில் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் இஞ்சினை ஓடவிடுவது மாமாவின் பொறுப்பு. படகின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி, பின்னால் உள்ள அடைப்பானைக் கழற்றிவைப்பது என்னுடையது. அடைப்பானை மறுபடி மாட்டியாயிற்றா என்று தண்ணீரில் இறங்கும் முன் கேட்பதைப் பெரிய மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மீன் காட்டும் கருவி ஒன்று வாங்கலாம் என்று போன மாதம் பேச்செடுத்தேன். "வாங்குங்க மாப்பிள்ளை. ஸ்க்ரூ மட்டும் நான்தான் போடுவேன்" என்கிறார் மாமா.